ஆபரேஷன் நடுவில் விழித்தவர்கள்

இன்றைய எபிசோட் கொஞ்சம் கனமானது. அதனால முதல்லயே ரெண்டு விஷயம் சொல்லிடறேன்.

ஒன்று, அடுத்த வாரம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் இருக்குன்னா, இதை அப்புறமா கேளுங்க. அவசரம் ஒன்றும் இல்லை. ரெண்டாவது, இன்று பேசப்போகும் விஷயம் மிகவும் அபூர்வமானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்த ஒரு பெரிய கணக்கின்படி, முழு மயக்கம் கொடுத்துச் செய்த ஏறத்தாழ 19,600 ஆபரேஷன்களுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இப்படி நடந்ததாக வந்து சொன்னார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றியே ஒரு கேள்வி கேட்கப்போகிறோம்.

விஷயம் என்னன்னா, முழு மயக்கத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. நடுவில் அவருக்கு நினைவு வந்துவிடுகிறது. டாக்டர்கள் பேசுவது கேட்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. விரலை அசைக்க முடியவில்லை. மூச்சைக்கூட மெஷின்தான் விடுகிறது. சிலருக்கு வலியும் தெரிகிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது, தையல் ஆறுகிறது, வீட்டுக்கும் போய்விடுகிறார்.

அதற்குப் பிறகு அவர் மனசுக்கு என்ன ஆகிறது? இந்தக் கேள்வியை மருத்துவம் எப்போது கேட்க ஆரம்பித்தது, ஏன் அவ்வளவு தாமதமாகக் கேட்டது? அதுதான் இன்றைய வரலாறு.

மயக்க மருந்துக்கு முன்னால்

ஃபேனி பர்னி என்று ஒரு ஆங்கில நாவலாசிரியர். 1811 செப்டம்பரில் பாரிஸில் அவருக்கு மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. செய்தது நெப்போலியன் படையின் புகழ்பெற்ற சர்ஜன் லாரேயின் குழு. அந்தக் காலத்தில் மயக்க மருந்து என்று ஒன்று கிடையாது. குடிக்க மருந்து கலந்த ஒயின் கொடுத்தார்கள், முகத்தின் மேல் மெல்லிய கைக்குட்டை போட்டார்கள், அவ்வளவுதான்.

பர்னி பிழைத்தார். அதற்குப் பிறகு 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். உடம்பைப் பொறுத்தவரை அது வெற்றிகரமான ஆபரேஷன். ஆனால் பல மாதம் கழித்து அக்கா எஸ்தருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மாதக்கணக்கில் அதைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை என்று அதில் சொல்கிறார். பேச ஆரம்பித்தாலே எல்லாம் மறுபடி நடப்பது போல இருந்ததாம். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

காயம் ஆறிய பிறகும் ஆறாத ஒன்று இருக்கிறது என்பதை ஒரு எழுத்தாளர் அன்றே எழுதி வைத்துவிட்டார். இன்றைக்கு ஒரு மனநல டாக்டர் அந்தக் கடிதத்தைப் படித்தால், பேசவே தயங்குவது, நினைத்தாலே மறுபடி அனுபவிப்பது என்று பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிகளை வரிசையாகக் குறித்துக்கொள்வார். அந்தப் பெயர் வர இன்னும் 170 வருஷம் ஆகணும்.

பாஸ்டனில் இரண்டு காட்சிகள்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். ஹோரஸ் வெல்ஸ் ஒரு பல் டாக்டர். 1844 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் சிரிப்பு வாயுவை வைத்து ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடந்தது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் வாயுவை முகர்ந்துவிட்டு ஆடுவார்கள், சிரிப்பார்கள், தள்ளாடுவார்கள். அப்படி ஆடிய ஒருவருக்குக் காலில் நல்ல அடி. அவருக்கு அது தெரியவே இல்லை. வெல்ஸ் அதைக் கவனித்துவிட்டார். மறுநாளே வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கிக்கொண்டார். வலிக்கவில்லை.

1845 ஜனவரியில் பாஸ்டனில் டாக்டர்கள், மாணவர்கள் முன்னால் இதைச் செய்து காட்டினார். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி கத்திவிட்டார். ‘பித்தலாட்டம்’ என்று கூட்டம் கூச்சல் போட்டது. வெல்ஸ் அவமானத்தோடு ஊர் திரும்பினார். இதில் வேடிக்கை என்னன்னா, பெரிதாக வலிக்கவில்லை என்று அந்த நோயாளியே பின்னால் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கத்தான் யாரும் நிற்கவில்லை.

அடுத்த வருஷம், 1846 அக்டோபர் 16. அதே பாஸ்டன், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. வெல்ஸோடு முன்பு கூட்டாகத் தொழில் செய்த வில்லியம் மார்ட்டன் இப்போது ஈதரோடு வருகிறார். எட்வர்ட் கில்பர்ட் அபட் என்ற இளைஞரின் கழுத்துக் கட்டியை ஜான் காலின்ஸ் வாரன் என்ற மூத்த சர்ஜன் அறுக்கிறார். அபட் கத்தவில்லை. ‘இது பித்தலாட்டம் இல்லை’ என்று வாரன் சொன்னதாகச் சொல்வார்கள். நவீன மயக்க மருந்தின் பிறந்தநாளாக உலகமே கொண்டாடுவது இந்த நாளைத்தான்.

நம்ம கதைக்கு வேண்டிய இடம் அதற்கு அடுத்த நிமிஷத்தில் இருக்கு. வாரன் அபட்டிடம் எப்படி இருந்தது என்று கேட்டார். ஆபரேஷன் நடப்பது தெரிந்தது, வலி இல்லை, தோலைச் சுரண்டுவது போல மட்டும் இருந்தது என்றார் அபட். அதாவது, உலகத்துக்கு மயக்க மருந்தை அறிமுகம் செய்த அந்த நோயாளியே முழுசாக மயங்கவில்லை!

ஒருவர் கத்தினார், ஆனால் பெரிதாக வலிக்கவில்லை. இன்னொருவர் கத்தவில்லை, ஆனால் நினைவு இருந்தது. உள்ளே நடப்பதும் வெளியே தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, அந்த ஆளிடமே கேட்பது.

உடம்பு காட்டிக்கொடுத்த காலம்

அடுத்த ஒரு நூற்றாண்டு இந்தப் பிரச்சினை ஓரளவு கட்டுக்குள் இருந்தது. காரணம், ஈதரிலும் குளோரோஃபார்மிலும் உடம்பு சும்மா இருக்காது. மயக்கம் குறைந்தால் ஆள் அசைவார், முனகுவார், மூச்சு மாறும், கையை இழுத்துக்கொள்வார்.

லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் 1847-லேயே ஈதர் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்துப் புத்தகம் எழுதினார். பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? காலரா தண்ணீரில் பரவுகிறது என்று காட்ட, 1854-ல் லண்டன் தெருவில் ஒரு அடிபம்பைச் சுட்டிக்காட்டினாரே, அதே ஸ்னோதான். முதல் உலகப் போரில் ஆர்தர் கெடல் என்ற அமெரிக்க டாக்டர், பிரான்ஸில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடி ஓடி மயக்கம் கொடுத்தவர். அவசரத்தில் பயிற்சி எடுத்தவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஓர் அட்டவணை போட்டார். மூச்சு எப்படி இருக்கிறது, கண்விழி அசைகிறதா, கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்தால் நோயாளி எந்த ஆழத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனுக்குத் தசைகள் தளர்ந்து கொடுக்க வேண்டும். அதற்கு ஈதரை மிக ஆழமாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவு ஈதர் போனால் பிரஷர் விழும், நோயாளி நெடுநேரம் எழமாட்டார், எழுந்தால் வாந்தி. வயதானவர்கள், பலவீனமானவர்கள் சிலர் எழாமலே போனார்கள். மயக்கம் கம்மியாக இருக்கணும், தசையும் தளரணும். அப்படி ஒரு மருந்து கிடைக்குமா என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அம்பு நுனியிலிருந்து வந்த மருந்து

அது தென் அமெரிக்கக் காடுகளில் இருந்தது. அங்குள்ள பழங்குடிகள் வேட்டை அம்பில் தடவும் விஷம், குராரே. அடிபட்ட மிருகம் அப்படியே துவண்டு விழும். இது எப்படி வேலை செய்கிறது என்று 1850-களில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி குளோத் பெர்னார். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது நிறுத்திவிடுகிறது. மூளையை அது தொடுவதில்லை.

1864-ல் பொது வாசகர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில் பெர்னார் இதன் பொருளையும் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அமைதியான மரணம் போலத் தெரியும். உள்ளே உணர்வும் அறிவும் அப்படியே இருக்கும். அசைய முடியாத உடம்புக்குள் விழித்திருக்கும் மனம் எவ்வளவு கொடுமை என்று அவர் யோசித்திருக்கிறார்.

78 வருஷம் கழித்து, 1942 ஜனவரி 23. கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஹாரல்ட் கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற இரண்டு டாக்டர்கள், குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஓர் இளைஞருக்கு மயக்க வாயுவோடு சுத்திகரித்த குராரேயைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வயிற்றுத் தசை தளர்ந்தது. ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. 1946-க்குள் இங்கிலாந்தின் லிவர்பூலில் செசில் கிரே, ஜான் ஹால்டன் இருவரும் 1000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்திவிட்டார்கள்.

இந்த முறை எவ்வளவு உயிர்களைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இதயத்தைத் திறந்து செய்வது, நுரையீரலில் செய்வது, மணிக்கணக்கில் நடக்கும் பெரிய ஆபரேஷன்கள் எல்லாம் சாத்தியமானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் பெரிய ஆபரேஷன்களில் தசைத் தளர்த்தி இருக்கும்.

ஆனால் அன்று நடந்ததை இப்படி யோசித்துப் பாருங்க. முன்பு ஒரே குழாய். அதைத் திறந்தால் தூக்கம், வலியின்மை, தசைத் தளர்ச்சி மூன்றும் சேர்ந்து வரும். இப்போது மூன்றுக்கும் தனித்தனிக் குழாய். தூக்கத்துக்கான குழாயில் மட்டும் வரத்து குறைந்துவிட்டால்? முன்பு நோயாளி அசைந்து காட்டிவிடுவார். இப்போது அந்த அசைவைத்தான் நாமே நிறுத்தி வைத்திருக்கிறோமே. கெடலின் அட்டவணையில் பாதி அறிகுறிகள் செல்லாமல் போயின. நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறலாம், ஆனால் அதை முழுசாக நம்ப முடியாது. ரத்தம் போயிருந்தாலும் மாறும், வேறு மருந்துகளாலும் மாறும்.

பெர்னார் எழுதியது ஞாபகம் இல்லாதது போல, 1940-களில் சில டாக்டர்கள் குராரேயே மூளையை மயக்கிவிடும் என்று நம்பினார்கள். இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தவர் ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்க மருந்து டாக்டர். யூட்டா மாநிலத்தில், வேறு எந்த மயக்க மருந்தும் இல்லாமல், குராரேயின் சுத்தமான வடிவத்தைத் தனக்கே செலுத்தச் சொன்னார். மூச்சு நிற்கும் அளவுக்கும் மேலே போனார்கள். சக டாக்டர்கள் பக்கத்தில் இருந்து மூச்சு கொடுத்தார்கள். உடம்பு முழுசாகச் செயலிழந்தது. தெளிந்து எழுந்தவர், அந்த நேரத்தில் நடந்தது, பேசியது எல்லாவற்றையும் சொன்னார். நினைவு ஒரு விநாடிகூடத் தப்பவில்லை. முடிவு 1947-ல் வெளியானது. அதற்குப் பிறகு, தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

‘கனவாக இருக்கும்’

அப்போது நோயாளிகள் என்ன சொன்னார்கள்? 1950-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில், தசைத் தளர்த்தி கொடுத்த ஆபரேஷனில் விழித்திருந்த ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. 1961-ல் ஹட்சின்சன் என்ற டாக்டர் 656 நோயாளிகளை விசாரித்ததில் 8 பேர் விழித்திருந்தார்கள். 100-க்கு ஒன்றுக்கும் மேல். 1970-ல் பிரைஸும் அவர் சகாக்களும் எளிமையான சில கேள்விகளை வகுத்தார்கள். தூங்குவதற்கு முன் கடைசியாக ஞாபகம் இருப்பது எது? எழுந்ததும் முதலில் ஞாபகம் வருவது எது? நடுவில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? கனவு வந்ததா? அதைக் கொஞ்சம் மாற்றி இன்றும் பயன்படுத்துகிறார்கள். கருவி ஒன்றும் வேண்டாம், கேட்க ஓர் ஆள் போதும்.

ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரையில் கேட்பது வேறு, வார்டில் கேட்பது வேறு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில், ‘டாக்டர், நான் நடுவில் முழிச்சிருந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் வரும்? கனவாக இருக்கும்மா. மருந்தோட வேலை. நல்லா ரெஸ்ட் எடுங்க. சொல்பவர் கெட்டவர் இல்லை. கேஸ் ஷீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, நோயாளி அசையவே இல்லை. அசையாதவர் தூங்கியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இந்த இடத்துக்கு 1975-ல் ஒரு மனநல டாக்டர் வந்தார். ரிச்சர்ட் பிளாக்கர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அவர் எழுதிய சிறிய கட்டுரை, இந்த எபிசோடுக்காக நான் படித்ததிலேயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. அசைய முடியாத நிலையில் ஆபரேஷனில் விழித்தவர்களை அவர் பார்த்தார். எல்லோரிடமும் ஒரே மாதிரியான நான்கு விஷயங்கள். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவு. பதற்றமும் எரிச்சலும். சாவைப் பற்றியே ஓடும் நினைப்பு. நாலாவது, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற பயம். அந்தப் பயத்தால்தான் அவர்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அந்த நாலாவதை யோசித்துப் பாருங்க. ஞாபகமும் தெளிவாக இருக்காது. பாதி மருந்து, பாதி விழிப்பு. எல்லோரும் நீ தூங்கினாய் என்கிறார்கள். உன் மனசு இல்லை என்கிறது. யாரை நம்புவது? உலகத்தை நம்பினால், அப்புறம் தன் மனசையே நம்ப முடியாது.

பிளாக்கர் கொடுத்த சிகிச்சை எளிமையானது. உட்கார வைத்துப் பேசினார். ‘நீங்கள் உண்மையிலேயே விழித்திருந்தீர்கள். இன்ன மருந்தால் அசைய முடியவில்லை’ என்று விளக்கினார். அறிகுறிகள் ஆச்சரியப்படும்படி குறைந்தன. பி.டி.எஸ்.டி. என்ற நோய் அமெரிக்க மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தது 1980-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே எழுதியது இது.

எது மனசை உடைக்கிறது?

சரி, இந்த அனுபவத்தில் மனசை அதிகம் பாதிப்பது எது? வலி என்றுதான் நாம் நினைப்போம். 2000-ல் ஸ்வீடனில் வந்த ஆய்வு வேறு மாதிரி காட்டியது. ரோல்ஃப் சாண்டினும் அவர் குழுவும் 11,785 நோயாளிகளை விசாரித்தார்கள், அதுவும் ஒரு தடவை இல்லை, நாள் தள்ளி மூன்று தடவை. 18 பேர் விழித்திருந்தது தெரிந்தது. சிலருக்கு ஞாபகமே ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. 18 பேரில் நான்கு பேருக்குத் தசைத் தளர்த்தி கொடுக்கப்படவில்லை. அந்த நான்கு பேரில் ஒருவர்கூட விழித்திருந்தபோது பதறவில்லை, பிறகும் மனநலப் பாதிப்பு வரவில்லை.

பதறியவர்கள் எல்லோரும் அசைய முடியாதவர்கள். இரண்டு வருஷம் கழித்து அதே குழு மறுபடி தேடிப் போனது. பேச ஒப்புக்கொண்டவர்கள் 9 பேர். அவர்களில் 4 பேர் அப்போதும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 2001-ல் அமெரிக்காவில் ஆஸ்டர்மன் குழு, இப்படி விழித்திருந்த 16 பேரைப் பரிசோதித்தது. 9 பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. சின்ன ஆய்வுகள்தான், பாதிக்கப்பட்டவர்கள்தான் அதிகம் முன்வந்திருப்பார்கள் என்றும் சொல்லலாம். ஆனாலும் கை காட்டும் திசை ஒன்றுதான்.

வலிக்கும்போது கத்த முடிந்தால், கையைத் தட்டிவிட முடிந்தால், மனசுக்கு ஒரு பிடி இருக்கும். இங்கே அதுவும் இல்லை. ஏன் அசைய முடியவில்லை என்ற காரணமும் தெரியாது. செத்துவிட்டேனோ, வாதம் வந்துவிட்டதோ, இனி இப்படியேதானோ என்று மனசு தானாக ஒரு விளக்கம் தேடிக்கொள்ளும். ஸ்காட் ஸ்மித்துக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். உடம்பின் நிலை ஒன்றுதான். அவருக்கு என்ன நடக்கிறது, எப்போது முடியும் என்று தெரியும். அவர் விழித்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

இதைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் கேரல் வெய்ரர் முக்கியமானவர். 1998-ல் அமெரிக்காவில், ஒரு கண்ணை அகற்றும் ஆபரேஷனில் விழித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரால் மல்லாந்து படுத்துத் தூங்க முடியவில்லை. படுத்தாலே அந்த டேபிள் ஞாபகம் வரும். சாய்வு நாற்காலியில்தான் தூங்கினார். அதே வருஷம் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, தன்னைப் போன்றவர்களிடம் பேச ஆரம்பித்தார். 2004-ல் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு, இது குறித்து எல்லா மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. நோயாளி சொன்னால் நம்பிக் கேளுங்கள், ஆலோசனைக்கு அனுப்புங்கள் என்பதும் அதில் உண்டு.

மெஷினும் ஒரு கையும்

இதற்குள் கருவிகளும் வந்திருந்தன. 1996-ல் அமெரிக்காவில் பிஸ் என்ற மானிட்டருக்கு அனுமதி கிடைத்தது. நெற்றியில் ஸ்டிக்கர் போல ஒட்டினால், மூளை அலையைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். 40-க்கும் 60-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். 2004-ல் ஆஸ்திரேலியாவின் பால் மைல்ஸ் நடத்திய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 2,463 நோயாளிகளில், மானிட்டர் வைத்த குழுவில் 2 பேரும் வைக்காத குழுவில் 11 பேரும் விழித்தார்கள். பெரிய வெற்றி. ஆனால் 2008-லும் 2011-லும் வந்த அமெரிக்க ஆய்வுகளில், வெளிவிடும் மூச்சில் மயக்க வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அலாரம் வைப்பதைவிட இது மேல் என்று நிரூபணமாகவில்லை. மனசு விழித்திருக்கிறதா என்று சந்தேகமில்லாமல் காட்டும் மீட்டர் இன்றுவரை கிடையாது.

எனக்குப் பிடித்தது இன்னொரு முறை. 1977-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மைக்கேல் டன்ஸ்டல் என்ற டாக்டர் சிசேரியன் நோயாளிகளுக்குச் செய்தது. தசைத் தளர்த்தி கொடுப்பதற்கு முன் ஒரு கையில் பிரஷர் பட்டையை இறுக்கிவிடுவார். மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாது. பிறகு காதருகே, ‘நான் பேசுவது கேட்டால் என் கையை அழுத்துங்கள்’ என்பார். அடைபட்ட உடம்பில் ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பது மாதிரி. 2017-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், இந்த முறைப்படி 260 பேரிடம் கேட்டதில் 12 பேர் கையை அழுத்திப் பதில் சொன்னார்கள். பயப்படாதீங்க, பெரும்பாலும் பின்னால் யாருக்கும் அது ஞாபகம் இருப்பதில்லை. விழிப்பது வேறு, விழித்தது நினைவில் தங்குவது வேறு.

அந்த 19,600

இப்போது ஆரம்பத்தில் சொன்ன எண்ணுக்கு வருவோம். 2014 செப்டம்பரில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மயக்க மருந்து டாக்டர்களின் அமைப்புகள் சேர்ந்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. 19,600-க்கு ஒன்று என்பது அதில் வந்ததுதான். தசைத் தளர்த்தி கொடுத்தால் ஏறத்தாழ 8,000-க்கு ஒன்று. கொடுக்காவிட்டால் 1,36,000-க்கு ஒன்று. முழு மயக்கத்தில் செய்யும் சிசேரியனில் 670-க்கு ஒன்று. அங்கே அவசரம் அதிகம், மருந்தும் அளந்துதான் கொடுப்பார்கள். பெரும்பாலான சம்பவங்கள் ஆபரேஷன் நடுவில் இல்லை. தூங்க வைக்கும்போதும் எழுப்பும்போதும்தான். பலவும் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்தவை. ஆனாலும் வந்து சொன்னவர்களில் 41 சதவீதம் பேருக்கு நீடித்த பாதிப்பு இருந்தது.

ஸ்வீடன் கணக்கோ 1000-க்கு ஒன்று, இரண்டு. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஸ்வீடனில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார்கள். இங்கே நோயாளிகள் தாமாக வந்து சொன்னதை எண்ணினார்கள். எந்த எண் சரி என்பதில் டாக்டர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. கேட்டால் லேசான, பாதிக்காத நினைவுகளும் கணக்கில் வரும் என்பது ஒரு வாதம். எனக்குத் தோன்றுவது, கேட்காவிட்டால் சொல்லாமல் இருப்பவர்கள் எப்போதும் உண்டு. அந்த அறிக்கைக்காக வந்தவர்களில் ஒருவர், நடந்து 62 வருஷம் கழித்துத்தான் முதன்முதலாகச் சொன்னார்.

இன்னொருவர் கதையும் அதில் உண்டு. 12 வயதில் பற்களைச் சீராக்கச் சின்ன ஆபரேஷன் ஒன்று. நடுவில் விழித்துவிட்டாள். எல்லாம் கேட்கிறது, அசைய முடியவில்லை. அதற்குப் பிறகு 15 வருஷம், ஒரு பூதம் மேலே பாய்ந்து தன்னை அசையவிடாமல் செய்வது போலக் கெட்ட கனவு. ஒருநாள் அவருக்கே பொறி தட்டியது. அந்த அசைய முடியாத நிலைதான் இந்தக் கனவு என்று புரிந்தது. அதற்குப் பிறகு கனவு நின்றுவிட்டது.

பிளாக்கர் 1975-ல் சொன்னதும் இதுதான் இல்லையா? 2014 அறிக்கையும் அங்கேதான் வந்து சேர்கிறது. என்ன நடக்கிறது என்று அந்த நேரத்தில் புரிந்துகொண்டவர்கள், அல்லது உடனே விளக்கம் கிடைத்தவர்கள், மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அதனால் அறிக்கையின் அறிவுரையும் ரொம்ப எளிமையாக இருக்கு. நோயாளி விழித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் மருந்தைக் கூட்டுங்கள், கூடவே அவரிடம் பேசுங்கள். நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், மருந்தால்தான் அசைய முடியவில்லை என்று சொல்லுங்கள். பின்னால் அவர் வந்து சொன்னால் முழுதாகக் கேளுங்கள், நம்புங்கள், விளக்குங்கள், வருத்தம் தெரிவியுங்கள், தொடர்ந்து கவனியுங்கள்.

கடைசியாக நம்ம ஊருக்கும் பயன்படும் இரண்டு குறிப்பு. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஆபரேஷனில் விழித்திருப்பது சாதாரணம். பெரும்பாலான சிசேரியன் அப்படித்தான் நடக்கிறது. லேசான தூக்க மருந்து மட்டும் கொடுக்கும் சிகிச்சையிலும் பேச்சு காதில் விழலாம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பயந்துபோனவர்கள் நிறைய. அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வருவாரே, அவரிடம் கேளுங்கள்: எனக்கு எந்த வகை மயக்கம், எனக்கு என்னென்ன தெரியும், என்ன தெரியாது? முன்பு ஏதாவது நடந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் வீட்டில் யாராவது, அம்மாவோ தாத்தாவோ, ‘அன்னிக்கு ஆபரேஷன்ல எனக்கு எல்லாம் கேட்டுச்சு’ என்று எப்போதாவது சொல்லியிருந்தால், அது கனவு என்று முடித்துவிடாதீர்கள். என்ன கேட்டது, அப்போது எப்படி இருந்தது என்று உட்கார்ந்து கேளுங்க. இன்னும் தூக்கம் கெடுகிறது என்றால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்க. இதற்குச் சிகிச்சை இருக்கு.

இதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னு இருந்தா எழுதுங்க, படிக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.